விழுந்தவர் ஏன் எழுந்திருக்கவில்லை?

ஊரில் எல்லோரும் கேள்விப்பட்டதுதான். எண்பது வயதுப் பாட்டி விடியற்காலையில் கொல்லைப்பக்கம் போகும்போது கால் வழுக்கி விழுகிறார். தலையில் அடியில்லை, ரத்தக் காயமும் இல்லை. ஆனால் எழுந்து நிற்க முடியவில்லை. ஒரு கால் சற்றுக் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடக்கிறது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது என்கிறார்கள். நான்கு மாதம் கழித்து அவர் இல்லை. "விழுகிறவரைக்கும் நல்லாத்தான் நடமாடிக்கிட்டு இருந்தாங்க" என்று துக்கம் கேட்க வருகிறவர்களிடம் வீட்டார் சொல்கிறார்கள்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. நெடுஞ்சாலையில் பைக்கிலிருந்து தூக்கியெறியப்பட்டு அதே தொடை எலும்பை முறித்துக்கொண்ட 25 வயது இளைஞர் சில மாதங்களில் மறுபடி வண்டி ஓட்டுகிறார். அவர் உடல் தாங்கிய விசை மிகப் பெரியது. பாட்டியோ நின்ற இடத்திலிருந்து தரையில் சாய்ந்தவர், அவ்வளவுதான். இறப்புச் சான்றிதழைப் பார்த்தால் நிமோனியா, இதயச் செயலிழப்பு என்று ஏதோ எழுதியிருக்கும். எலும்பைப் பற்றிப் பல சமயம் பேச்சே இருக்காது. அப்படியானால் அவருடைய உயிரை வாங்கியது எது?

புதிருக்குள் இன்னொரு புதிரும் உண்டு. ஒரே வயது, ஒரே மாதிரி முறிவு, ஒரே அறுவை சிகிச்சை என்று இருவரை எடுத்துக்கொண்டாலும், வாழ்நாளெல்லாம் குறைந்த வருமானத்தில் இருந்தவருக்குப் பிழைக்கும் வாய்ப்பு குறைவாக இருக்கிறது. மருத்துவத்துக்குக் கைக்காசு எதுவும் செலவழிக்கத் தேவையில்லாத நாடுகளிலும் இது காணப்படுகிறது. பணம் வாங்காத மருத்துவமனைக்குள் ஏழ்மை எந்த வழியாக நுழைகிறது?

முதலில் எலும்பு. இடுப்பு எலும்பு என்று பேச்சில் சொன்னாலும் முறிவது தொடை எலும்பின் மேல்முனைதான். அதன் உச்சியில் உருண்டையான ஒரு தலை இருக்கிறது. அது இடுப்புக் கூட்டின் குழிக்குள் அமர்ந்து சுழல்கிறது. தலையையும் நீண்ட தண்டையும் இணைக்கும் குறுகலான, சாய்ந்த பகுதிக்குத் தொடை எலும்பின் கழுத்து என்று பெயர். நிற்கும்போதும் நடக்கும்போதும் உடலின் பாரம் இந்தக் கழுத்தின் வழியாகவே காலுக்கு இறங்குகிறது. வயது ஏற ஏற, முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, எலும்பின் உட்புறம் மெலிந்து இடைவெளிகள் பெருகுகின்றன. இதுதான் எலும்புப்புரை. அப்படி மெலிந்த எலும்பு உள்ளவர் பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால் இடுப்பின் ஓரம் நேராகத் தரையில் மோதுகிறது. மற்ற திசைகளில் விழுவதைவிடப் பக்கவாட்டில் விழும்போது முறிவுக்கான வாய்ப்பு சுமார் 6 மடங்கு என்று விழுந்தவர்களை ஆராய்ந்த மருத்துவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

முறிவு கழுத்திலேயே ஏற்பட்டால் சிக்கல் கூடுதல். தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் பெரும்பாலானவை கழுத்தை ஒட்டியே மேலேறுகின்றன. கழுத்து முறிந்து விலகும்போது அவையும் அறுபடுகின்றன. ரத்தம் கிடைக்காத தலை உள்ளேயே செத்துப்போகலாம். எலும்பு கூடாமலே நின்றுவிடலாம். அதனால்தான் வயதானவர்களுக்குப் பெரும்பாலும் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை வைக்கிறார்கள். வார்டுகளில் 'பால்' (பந்து) மாற்றுவது என்று சொல்வது இதைத்தான். கழுத்துக்குக் கீழே முறிந்தால் ரத்த ஓட்டத்துக்குக் குறைவில்லை, எலும்பு கூடும். ஆனால் தொடைத் தசைகள் முறிந்த துண்டுகளை இழுத்துக்கொண்டே இருக்கும். உள்ளுக்குள் அரை லிட்டர், ஒரு லிட்டர் என்று ரத்தம் வெளியே தெரியாமல் கசிந்திருக்கும். அங்கே பிளேட்டும் ஸ்குரூவும், அல்லது எலும்பின் உள்ளே செலுத்தும் ராடும் தேவை. எப்படியானாலும் முறிவு தடித்த தசைகளுக்கு அடியில், ஆழத்தில் இருக்கிறது. மூங்கில் பட்டையும் மூலிகையும் வைத்து வெளியிலிருந்து எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்தத் துண்டுகளை அசையாமல் பிடித்துவைக்க முடியாது. முன்கையில் பலித்த புத்தூர் கட்டு இடுப்பிலும் பலிக்கும் என்று நம்பிக் காத்திருக்கும் குடும்பங்கள் இழப்பது நாட்களை. அந்த நாட்களின் விலை என்ன என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

விழாமல் இருந்திருந்தாலும் அந்த வயதில் சிலர் இறந்திருப்பார்கள் அல்லவா? நியாயமான கேள்வி. எண்பதைத் தாண்டியவர்களுக்கு இறப்பு அரிதானதல்ல. அதனால் முறிவு ஏற்பட்டவர்களின் இறப்பை மட்டும் எண்ணிப் பயனில்லை. அதே வயதில், அதே பாலினத்தில், எலும்பு முறியாதவர்களோடு ஒப்பிட வேண்டும். பெல்ஜியத்தைச் சேர்ந்த பேட்ரிக் ஹேன்ட்ஜென்ஸும் சக ஆய்வாளர்களும் பல நாடுகளில் நடந்த இத்தகைய ஒப்பீடுகளை ஒன்றுசேர்த்து 2010இல் வெளியிட்டார்கள். முறிவுக்குப் பிந்தைய முதல் மூன்று மாதங்களில் இறப்பு அபாயம் பெண்களுக்குச் சுமார் 6 மடங்கு, ஆண்களுக்குச் சுமார் 8 மடங்கு. பிறகு அந்த அபாயம் வேகமாகக் குறைகிறது. ஆனால் பத்து ஆண்டுகள் கழித்தும் முறியாதவர்களின் நிலைக்கு முழுதாக இறங்கி வருவதில்லை.

இந்த வளைவின் வடிவத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும், ஏனென்றால் விடையின் பாதி அதில்தான் இருக்கிறது. எலும்பு முறிவு என்பது ஏற்கெனவே தளர்ந்துபோன உடலின் அடையாளம் மட்டுமே என்றால், அபாயம் தொடக்கத்திலிருந்தே ஒரே சீராக உயர்ந்து இருந்திருக்கும். முதல் மூன்று மாதத்தில் செங்குத்தாக எழும்பியிருக்காது. அந்த எழுச்சி, முறிவும் அதன் பின்விளைவுகளும் தாமாகவே ஆளைக் கொல்கின்றன என்பதைக் காட்டுகிறது. வருடக்கணக்கில் நீளும் வால் பகுதியோ, விழுந்தவர்களில் பலர் விழுவதற்கு முன்பே மற்றவர்களைவிடத் தளர்ந்திருந்தார்கள் என்பதைச் சொல்கிறது. இரண்டும் உண்மை. முதல் பகுதியை மருத்துவமனையால் மாற்ற முடியும்.

அந்த மூன்று மாதங்களில் என்ன நடக்கிறது? இங்கிலாந்தின் நாட்டிங்காமில் 2,448 நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2005இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 33 விழுக்காடு. அறுவைக்குப் பிறகு நெஞ்சில் சளித்தொற்று கண்டவர்கள் 9 விழுக்காடுதான். ஆனால் அவர்களில் 43 விழுக்காட்டினர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். இதயச் செயலிழப்பு ஏற்பட்டவர்கள் 5 விழுக்காடு. அவர்களில் 65 விழுக்காட்டினர் ஒரு மாதத்தைத் தாண்டவில்லை. எலும்பு கூடியதா, பிளேட் நகர்ந்ததா என்பதெல்லாம் இந்தக் கணக்கில் எங்கோ பின்னால் நிற்கிறது. முன்னால் நிற்பவை நுரையீரலும் இதயமும்.

மல்லாந்து படுத்திருப்பவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சரியாக விரிவதில்லை. அங்கே சளி தேங்கும். வலியால் ஆழமாக மூச்சிழுக்கவோ பலமாக இருமவோ முடியாது. தேங்கிய சளியில் கிருமி பெருகும். அசையாத கால்களின் சிரைகளில் ரத்தம் உறையும். அந்தக் கட்டி பிரிந்து நுரையீரலுக்குப் போய் அடைத்தால் நிமிடங்களில் உயிர் போகலாம். இடுப்புக்கும் குதிகாலுக்கும் அடியில் தோல் நசுங்கிப் படுக்கைப்புண் வைக்கும். ரத்தம் இழந்து, அழற்சியில் தவிக்கும் உடலுக்கு ஈடுகொடுக்க இதயம் ஓயாமல் ஓட வேண்டியிருக்கும். வலியும் புதிய இடமும் தூக்கமின்மையும் மருந்துகளும் சேர்ந்து பலருக்குத் திடீர் மனக்குழப்பத்தை உண்டாக்கும்: மகளையே யாரென்று தெரியாது, ஊட்டினால் துப்புவார், ஊசிக் குழாயைப் பிடுங்குவார். சாப்பிடாதவருக்குத் தசை கரையும். தசை கரைந்தவரால் நிற்க முடியாது, நிற்க முடியாதவர் படுத்தே கிடப்பார், மறுபடி சளி.

தசை எவ்வளவு விரைவாகக் கரைகிறது என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தில், சராசரி வயது 67 உள்ள, எந்த நோயும் இல்லாத சில முதியவர்கள் ஆய்வுக்காகப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்கச் சம்மதித்தார்கள். 2007இல் வெளியான முடிவின்படி, கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போயிருந்தது. அவர்களுக்கு எலும்பு முறியவில்லை, அறுவை நடக்கவில்லை. சாப்பாடு அளந்து கொடுக்கப்பட்டது. வெறும் படுக்கை மட்டுமே செய்த வேலை அது. ரத்தமும் இழந்து, சாப்பாடும் இறங்காத 80 வயதுக்காரருக்கு அதே பத்து நாளில் எவ்வளவு போகும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இப்போது இரண்டாவது புதிருக்கு வரலாம். தெருக் குழாயில் மூன்று நாள் தண்ணீர் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். மாடியில் ஆயிரம் லிட்டர் டேங்க் வைத்திருக்கும் வீட்டில் மூன்றாம் நாள் மாலை வரை யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு குடம் மட்டும் பிடித்துவைத்திருக்கும் வீட்டில் முதல் நாள் மதியமே அடுப்பு நின்றுவிடும். தட்டுப்பாடு இரண்டு வீட்டுக்கும் ஒன்றுதான், இருப்பு வேறு. குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருந்த நாட்களில் இரண்டு வீடும் ஒன்றுபோலவே தெரிந்தன என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. உடலுக்கும் இப்படி ஓர் இருப்பு உண்டு. மாடி ஏறும்போது தேவைப்படும் அளவைவிட இதயத்துக்குக் கூடுதல் திறன், மூச்சுக்குக் கூடுதல் இடம், தசையில் கூடுதல் புரதம், சிறுநீரகத்தில் கூடுதல் வடிகட்டிகள். முதுமையில் இது குறைகிறது. மருத்துவ மொழியில் இதை உடற்சேமத்திறன் என்றும், அது வெகுவாகக் குறைந்த நிலையை நலிவு என்றும் சொல்லலாம். நலிந்தவர் தினசரி வேலைகளைச் செய்துகொண்டு நடமாடிக்கொண்டிருப்பார். விழுந்த அன்றுதான் குடம் காலி என்பது தெரியும்.

இந்த இருப்பு எழுபது வருட வாழ்க்கையில் சேர்வது, அல்லது சேராமல் போவது. குழந்தைப் பருவத்துச் சாப்பாடு, பிள்ளைப்பேறுகளுக்கு இடையே கிடைத்த ஓய்வு, சுமை தூக்கிய வருடங்கள், விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும், நாற்பது வயதில் வந்து அறுபது வயதுவரை யாரும் கண்டுபிடிக்காத ரத்த அழுத்தம், சர்க்கரை. வருமானம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் இத்தனையும் அடங்கியிருக்கின்றன. எலும்பு முறிவதற்கு முன்பே கணக்கு தொடங்கிவிடுகிறது என்பதற்கு இங்கிலாந்தின் மருத்துவமனைப் பதிவுகள் சாட்சி. 2001 முதல் 2015 வரையிலான பதிவுகளின்படி, மிக வறிய பகுதிகளில் வாழும் ஆண்களுக்கு இடுப்பு முறிவு ஏற்படும் விகிதம் மிக வசதியான பகுதி ஆண்களைவிட 50 விழுக்காடு அதிகம். பெண்களுக்கு 17 விழுக்காடு. அந்தப் பதினான்கு ஆண்டுகளில் இந்த இடைவெளி குறையவே இல்லை.

முறிவுக்குப் பிறகான இறப்பிலும் இதே சாய்வு. ஆக்ஸ்ஃபோர்டு பகுதியில் 1968 முதல் 1998 வரை முப்பது ஆண்டுப் பதிவுகளைத் தோண்டிய ஆய்வில், உடலுழைப்புத் தொழிலாளர் வகுப்புகளைச் சேர்ந்தவர்கள் மேல்வகுப்பினரைவிட அதிகமாக இறந்திருந்தார்கள். ஆனால் இதை வைத்து உடனே முடிவுக்கு வந்துவிட முடியாது. ஏழைகள் போன மருத்துவமனை மோசமாக இருந்திருக்கலாம்; அவர்களுக்கு அறுவை தள்ளிப்போயிருக்கலாம்; அவர்களுக்கு வேறு நோய்கள் அதிகம் இருந்திருக்கலாம். சிலருக்கு நோய்தான் முதலில் வந்து வருமானத்தைக் குறைத்திருக்கலாம். எதை எதிலிருந்து பிரிப்பது?

மருந்தைச் சோதிக்கிறபோது குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுக்கலாம். வருமானத்தை அப்படிக் குலுக்கிக் கொடுக்க முடியாது. அதனால் ஆய்வாளர்கள், சிகிச்சையின் விலை என்ற ஒரு காரணமாவது இல்லாத இடத்தைத் தேடிப் போகிறார்கள். டென்மார்க் அப்படிப்பட்ட இடம். அங்கே மருத்துவமனைச் சிகிச்சைக்கு வரிப்பணத்திலிருந்து செலவாகிறது, நோயாளி கட்டணம் கட்டுவதில்லை. 1968 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் ஓர் அடையாள எண் உண்டு. அதை வைத்து ஒருவருடைய வருமானம், கல்வி, மருத்துவமனைச் சிகிச்சை, இறப்பு எல்லாவற்றையும் பெயரில்லாமல் இணைத்துப் பார்க்க முடியும். இடுப்பு முறிவுக்கென்றே நாடு தழுவிய பதிவேடு வேறு இருக்கிறது. 2010 முதல் 2013 வரை அதில் பதிவான சுமார் 25,000 முதியவர்களைப் பியா கெயர் கிறிஸ்டென்சன் என்ற ஆய்வாளரின் குழு ஆராய்ந்தது. வயது, பாலினம், மற்ற நோய்கள் எல்லாவற்றுக்கும் கணக்கில் ஈடுசெய்த பிறகும், குடும்ப வருமானம் மிகுந்தவர்களுக்கு முதல் முப்பது நாளில் இறக்கும் வாய்ப்பு குறைந்த வருமானக்காரர்களைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவாக இருந்தது. கல்வியை வைத்துப் பார்த்தாலும் அதே அளவு வித்தியாசம்.

சிகிச்சையின் விலை இல்லாதபோதும் இடைவெளி மிஞ்சுகிறது என்றால், அதன் பெரும்பகுதி மருத்துவமனை வாசலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிறது என்று நினைக்க இடமிருக்கிறது: விழுவதற்கு முந்தைய வாழ்நாளிலும், திரும்பிப்போகும் வீட்டிலும். வாழ்ந்து முடித்த வருடங்களை யாரும் மாற்றித் தர முடியாது. அப்படியானால் இருப்பு குறைந்தவர்களை என்ன செய்வது? இருப்பைச் செலவழிக்கும் நாட்களைக் குறைப்பது. படுக்கையிலிருந்து சீக்கிரம் எழுப்புவது. இது எளிதாகத் தெரிகிறது. மருத்துவ உலகம் இதைக் கற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட காலம் கொஞ்சமல்ல.

கற்றுக்கொடுத்தவர்களில் முக்கியமானவர் மார்ஜரி வாரன் என்ற பெண் மருத்துவர். கற்றுக்கொடுத்த இடம் ஏழைகளின் விடுதி. 1935இல் லண்டனின் மேற்கே இருந்த வெஸ்ட் மிடில்செக்ஸ் மருத்துவமனை, பக்கத்திலிருந்த வறியோர் சட்டக் காப்பகத்தின் நோயாளிகளையும் ஏற்றுக்கொண்டது. போக்கிடம் இல்லாத முதியவர்கள் நூற்றுக்கணக்கில் அங்கே படுத்திருந்தார்கள். தீராத நோயாளிகள் என்று முத்திரை குத்தப்பட்டு, மாதக்கணக்கில், சிலர் வருடக்கணக்கில். வாரன் ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். வலியைக் குறைத்தார், உட்காரவைத்தார், நிற்கவைத்தார், வார்டின் சுவர்களுக்கு வெளிச்சமான வண்ணம் பூசச் சொன்னார். பலர் நடந்து வீட்டுக்குப் போனார்கள். அவர்களைப் படுக்கவைத்திருந்தது நோயைவிடப் படுக்கைதான் என்று தெரியவந்தது. முதியோர் மருத்துவம் என்ற துறை அங்கிருந்து வளர்ந்தது.

எலும்பு மருத்துவத்தில் இதற்கு இணையான திருப்பம் ஹேஸ்டிங்ஸ் என்ற கடற்கரை ஊரில் நிகழ்ந்தது. மைக்கேல் டெவாஸ் என்ற எலும்பு அறுவை மருத்துவரும் பாபி இர்வின் என்ற முதியோர் மருத்துவரும் 1950களின் பிற்பகுதியில் ஒரே வார்டைச் சேர்ந்து நடத்தத் தொடங்கினார்கள். அறுவை முடிந்த கையோடு காலில் பாரம் ஊன்றவைக்க வேண்டும் என்பது டெவாஸின் பிடிவாதம். எலும்பை ஒருவர் பார்க்க, இதயத்தையும் நுரையீரலையும் மனக்குழப்பத்தையும் சாப்பாட்டையும் மற்றவர் பார்ப்பார். இந்தக் கூட்டு முறை பலனுள்ளது என்பதை நார்வேயின் டிரோன்ட்ஹெய்ம் நகரில் 397 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய சோதனை 2015இல் உறுதிசெய்தது. முதியோர் வார்டில் சேர்க்கப்பட்டவர்கள் நான்கு மாதம் கழித்து, சாதாரண எலும்பு வார்டில் இருந்தவர்களைவிட நன்றாக நடமாடினார்கள்.

அறுவையை எவ்வளவு சீக்கிரம் செய்ய வேண்டும்? தாமதமாக அறுவை நடந்தவர்கள் அதிகம் இறக்கிறார்கள் என்று பழைய பதிவுகள் பல சொல்லின. ஆனால் யாருக்குத் தாமதமாகிறது? இதயம் பலவீனமாக இருந்து, மயக்க மருந்து மருத்துவர் 'பிட்னெஸ்' தராமல் காத்திருப்பவர்களுக்கு. அவர்கள் தாமதத்தால் இறந்தார்களா, இதயத்தாலா? இதைப் பிரித்தறிய கனடாவிலிருந்து வழிநடத்தப்பட்ட ஒரு சோதனையில், இந்தியா உட்பட 17 நாடுகளின் 2,970 நோயாளிகள் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒரு பிரிவுக்கு 6 மணி நேரத்தில் அறுவை, மற்றதற்கு வழக்கம்போல் 24 மணி நேரத்தில். 2020இல் வந்த முடிவு பலருக்கு ஏமாற்றம் தந்தது. 90 நாளில் இறந்தவர்கள் முதல் பிரிவில் 9 விழுக்காடு, மற்றதில் 10 விழுக்காடு. தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம். ஆனால் விரைவுப் பிரிவில் மனக்குழப்பம் குறைவு, எழுந்து நின்றதும் சீக்கிரம். இந்தச் சோதனை ஒப்பிட்டது ஆறு மணி நேரத்தையும் ஒரு நாளையும்தான் என்பதை மறக்கக்கூடாது. ஒரு வாரம் காத்திருந்தாலும் பரவாயில்லை என்று அதிலிருந்து யாரும் முடிவு கட்டிவிட முடியாது.

இங்கிலாந்து இந்த அறிவையெல்லாம் நாடு முழுவதற்கும் கொண்டுபோன விதம் தனியாகச் சொல்லத் தக்கது. 2007இல் தேசிய இடுப்பு முறிவுப் பதிவேடு தொடங்கியது. எந்த மருத்துவமனை எத்தனை மணி நேரத்தில் அறுவை செய்தது, எத்தனை பேர் இறந்தார்கள் என்பதை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். அந்த ஆண்டு முப்பது நாளில் இறந்தவர்கள் 10.9 விழுக்காடு, 2011இல் 8.5 விழுக்காடு. நடுவே 2010இல் பணமும் சேர்ந்தது. 36 மணி நேரத்துக்குள் அறுவை, 72 மணி நேரத்துக்குள் முதியோர் மருத்துவரின் பரிசோதனை முதலிய எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றிய ஒவ்வொரு நோயாளிக்கும் மருத்துவமனைக்குக் கூடுதல் தொகை. இறப்பு குறைந்தது இந்தத் திட்டத்தாலா, அல்லது மருத்துவம் பொதுவாக முன்னேறியதாலா? அதிர்ஷ்டவசமாக, ஒப்பிடுவதற்கு ஸ்காட்லாந்து இருந்தது: அதே மாதிரி இலவச மருத்துவம், அதே மாதிரி மக்கள், ஊக்கத்தொகை மட்டும் இல்லை. இரு நாடுகளின் பதிவுகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, 2010 முதல் 2016 வரை இங்கிலாந்தில் சுமார் 7,600 இறப்புகள் தவிர்க்கப்பட்டதாகக் கணக்கிட்டார்கள். புதிய மருந்து எதுவும் வரவில்லை. ஏற்கெனவே தெரிந்ததை, தெரிந்த நேரத்தில், எல்லோருக்கும் செய்தார்கள்.

இவற்றைவிட மனத்தில் நிற்க வேண்டிய ஆய்வு வேல்ஸின் கார்டிஃப் நகரில் நடந்தது, 2006இல் வெளியானது. இடுப்பு முறிந்த 300க்கும் மேற்பட்ட வயதான பெண்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் சாப்பாட்டு நேரத்தில் ஓர் உதவியாளர் கூடவே இருந்தார். தட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைப்பது, நறுக்கிக் கொடுப்பது, என்ன பிடிக்கும் என்று கேட்பது, தேவைப்பட்டால் ஊட்டுவது. மருந்து ஏதும் கிடையாது. உதவியாளர் இல்லாத பிரிவில் வார்டிலேயே இறந்தவர்கள் 10.1 விழுக்காடு, உதவியாளர் இருந்த பிரிவில் 4.1 விழுக்காடு. இதற்கு முன் 1990இல் ஜெனீவாவில் நடந்த சிறிய சோதனையிலும், தினம் 20 கிராம் புரதம் உள்ள ஒரு பானம் கூடுதலாகக் கொடுத்தபோது சிக்கல்களும் இறப்பும் சேர்ந்து வெகுவாகக் குறைந்திருந்தன. நான்கு முட்டையில் அதைவிடச் சற்று அதிகப் புரதம் இருக்கிறது. இதயத்தையும் நுரையீரலையும் பற்றிப் பேசத் தொடங்கிய விஷயம் கடைசியில் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற இடத்துக்கு வந்து நிற்கிறது.

நம் ஊர் வார்டுகளில் அந்த உதவியாளர் மகளோ மருமகளோதான். ஊட்டுவதும் துடைப்பதும் பெட்பேன் வைப்பதும் புரட்டிப் படுக்கவைப்பதும் அவர்கள் கையில். தினக்கூலிக்குப் போகிற மகள் அங்கே உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு நாளும் வீட்டில் அடுப்புக்கு வழியில்லாத நாள். எத்தனை நாள் அவரால் உட்கார முடியும் என்பது அம்மா எத்தனை கவளம் சாப்பிடுவார் என்பதைத் தீர்மானிக்கிறது. வருமானம் உடலுக்குள் நுழையும் வழிகளில் இதைவிட நேரடியான வழி வேறில்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்க, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் தனியாக வாழும் கைம்பெண்ணுக்கு அந்த மகளும் இல்லை.

இந்தியாவில் இது எத்தனை பேருடைய பிரச்சினை? ஹரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் எடுத்த கணக்கு 2013இல் வெளியானது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு 129 பேருக்கு இடுப்பு முறிவு. பெண்களில் 159, ஆண்களில் 105. ஐரோப்பாவின் வட நாடுகளைவிட இது குறைவு. ஆனால் இங்கே முதியவர்களின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது. அவர்களில் பலர் மருத்துவமனைக்கு வந்துசேர்வதே தாமதமாகத்தான். முதல் சில நாள் சுளுக்கு என்று எண்ணெய் தேய்ப்பதில் போகும். பிறகு கட்டு. பிறகு டவுனில் எக்ஸ்ரே, அங்கிருந்து மாவட்ட மருத்துவமனை, அங்கிருந்து மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இந்தியா உட்பட 18 நாடுகளில் எலும்பு முறிந்த 30,000க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த ஆய்வும், ஒரு மருத்துவமனை இன்னொன்றுக்கு அனுப்புவதையே தாமதத்தின் முக்கியக் காரணங்களில் ஒன்றாகக் காட்டியது. சேர்ந்த பிறகும் ரத்தம் கொடுக்க ஆள், இம்பிளாண்ட், பிட்னெஸ், அறுவை அரங்கில் முறை என்று நாட்கள் போகும். அத்தனை நாளும் அவர் படுத்திருக்கிறார்.

அறுவைச் செலவுக்கு இன்று வழிகள் உண்டு. தமிழ்நாட்டின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. 70 வயதைத் தாண்டிய எல்லோருக்கும் வருமானம் பாராமல் 5 லட்சம் ரூபாய்வரை காப்பீடு என்று ஆயுஷ்மான் பாரத் திட்டம் 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. ஆனால் டென்மார்க் சொல்லும் செய்தி இங்கே இன்னும் கடுமையாகப் பொருந்தும். காப்பீடு தருவது ஆபரேஷனுக்கு. டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போகிற ஆட்டோவிலிருந்து மற்றதெல்லாம் குடும்பத்தின் தலையில். பால் மாற்றியவர் குத்தவைத்து உட்காரக் கூடாது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். வீட்டில் இருப்பது தரையோடு பதித்த கழிப்பறை, அதுவும் பின்கட்டில், இரண்டு படி இறங்கி. அடிக்கடி போக வேண்டியிருக்குமே என்று அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறார். உடல் வறண்டு, சிறுநீரில் தொற்று வந்து, காய்ச்சலில் மனம் குழம்பி, மறுபடி படுக்கை. நடுவில் துளையிட்ட ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இந்தச் சங்கிலியை அறுத்துவிடும். அதை டிஸ்சார்ஜ் அன்றே கொடுத்தனுப்ப எந்த வார்டாலும் முடிய வேண்டும்.

வீட்டுக்குப் போன பிறகும் மீட்சி நின்றுவிடுவதில்லை என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பாஸ்டன் பகுதியில் 232 பேரிடம் நடத்தி 2014இல் வெளியிட்ட சோதனையில், வழக்கமான பிசியோதெரபி எல்லாம் முடிந்து அனுப்பப்பட்டவர்களுக்கு வீட்டிலேயே செய்யும் எளிய பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தார்கள். நாற்காலியிலிருந்து எழுவது, ஒரு படி ஏறி இறங்குவது போன்றவை. பயிற்சியாளர் சில முறை மட்டுமே வந்தார். மற்ற நாட்களில் அவர்களாகவே செய்தார்கள். ஆறு மாதத்தில் அவர்களுடைய நடமாட்டம் மற்றவர்களைவிடச் சற்று, ஆனால் தெளிவாக, மேம்பட்டிருந்தது.

தமிழ்நாட்டில் இதற்கான ஏற்பாடு புதிதாகத் தொடங்க வேண்டியதில்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு பிசியோதெரபியும் வீடு தேடி வருகிறது. இடுப்பு முறிந்தவருக்கு அது எந்த வாரம் வந்துசேர்கிறது என்பதில்தான் பலன் அடங்கியிருக்கிறது. இறப்பு வளைவு செங்குத்தாக நிற்பது முதல் மூன்று மாதங்களில். டிஸ்சார்ஜ் சீட்டு எழுதும் அன்றே நோயாளியின் ஊர், எந்த அறுவை, காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற நான்கு விவரங்களும் அந்த வட்டாரத்தின் பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போய்ச் சேர்ந்தால், முதல் வாரத்திலேயே அவர் வாசலில் வந்து நிற்க முடியும்.